எங்கான்ச்சே என்றால் என்ன? ரிக்கெல்மே நின்ற இடத்தின் கதை

கால்பந்து பார்க்கத் தொடங்கிய புதிதில் எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னாலேயே ஓடும். கோல் அடிப்பவர் தெரிவார், கோல்கீப்பர் தெரிவார். நடுவில் நிற்பவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது பிடிபட நாளாகும். எனக்கு அது பிடிபட்டது 2006 உலகக் கோப்பையில். அர்ஜென்டினாவின் 10ஆம் எண் சட்டையில் ஒருவர் ஆடினார். வேகமாக ஓடமாட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பந்து வந்தால் மற்றவர்கள் பரபரப்பார்கள். இவர் அப்படியே நின்றுவிடுவார். நின்றதும் மைதானத்தில் இருக்கும் மற்ற 21 பேரும் இவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று காத்திருப்பதுபோல இருக்கும். அவர் பெயர் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே. அர்ஜென்டினாவில் வெறும் ‘ரோமான்’ என்றாலே போதும்.

அவர் ஆடிய இடத்துக்கு அங்கே தனிப்பெயர் உண்டு: எங்கான்ச்சே. இந்த ஒரு சொல் புரிந்துவிட்டால் அவர் ஏன் சில அணிகளில் ராஜாவாக இருந்தார், ஏன் சில அணிகளில் இடமே இல்லாமல் போனார், விளையாட்டை விட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் ஏன் அவருக்காக ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்தே புரிந்துவிடும்.

எங்கான்ச்சே என்றால் ஸ்பானிஷ் மொழியில் கொக்கி, இணைப்பு. இரண்டு ரயில் பெட்டிகளைச் சேர்த்துப் பூட்டுகிறோமே, அந்த மாதிரி. அணியின் பின்பாதியையும் முன்பாதியையும் சேர்த்துப் பூட்டுகிற ஆள் என்று பொருள்.

மைதானத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். கோல்கீப்பருக்கு முன்னால் நான்கு டிஃபென்டர்கள். அவர்களுக்கு முன்னால் மூன்று மிட்ஃபீல்டர்கள். கடைசியில், எதிரணியின் கோலுக்கு அருகே, இரண்டு ஸ்ட்ரைக்கர்கள். இப்போது அந்த மூவருக்கும் இருவருக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது அல்லவா? அங்கே தனியாக ஒருவரை நிறுத்துங்கள். அவர்தான் எங்கான்ச்சே. எண்களில் எழுதினால் 4-3-1-2. அந்த ‘1’ தான் நம் ஆள்.

அந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? எதிரணியின் பக்கமிருந்து பார்த்தால் தெரியும். அவர்களுடைய டிஃபென்டர் வரிசைக்கும் மிட்ஃபீல்டர் வரிசைக்கும் இடைப்பட்ட சந்து அது. அங்கே ஒருவர் பந்தோடு நின்றால் யார் அவரைத் தடுக்க வேண்டும்? டிஃபென்டர் முன்னால் ஏறி வந்தால் அவருக்குப் பின்னால் இடம் திறந்துவிடும். ஸ்ட்ரைக்கர் அதற்குள் ஓடிவிடுவார். மிட்ஃபீல்டர் பின்னால் இறங்கினால் அவர் விட்டுவந்த இடம் காலியாகும். இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நின்றால், பந்து வைத்திருப்பவருக்குத் தலை தூக்கிப் பார்க்க நேரம் கிடைத்துவிடும். ரிக்கெல்மே மாதிரி ஒருவருக்கு அந்த நேரம் கிடைத்தால் கதை முடிந்தது.

சரி, நேரம் கிடைக்காவிட்டால்? அவரே அதை உண்டாக்கிக்கொள்வார். அர்ஜென்டினாக்காரர்கள் ‘லா பவுசா’ என்பார்கள். நேர்ப்பொருள் ‘இடைநிறுத்தம்’. நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: நிதானம். பந்து காலுக்கு வந்தவுடன் அடித்துவிடாமல் ஒரு கணம், இரண்டு கணம் வைத்திருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பலாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு கணத்தில்தான் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், இருக்கும் சக வீரர் ஓடத் தொடங்குவார், டிஃபென்டர் ஒரு அடி தப்பாக எடுத்து வைப்பார், இரண்டு பேருக்கு நடுவே ஒரு முழ இடைவெளி விழும். பந்து அப்போதுதான் புறப்படும். கொஞ்சம் முந்தி அனுப்பியிருந்தால் ஆள் வந்திருக்கமாட்டார். கொஞ்சம் பிந்தி அனுப்பியிருந்தால் ஆள் டிஃபென்டர்களைத் தாண்டிப்போய் ஆஃப்சைடு ஆகியிருக்கும். கச்சேரியில் விளம்ப காலத்தில் பாடுகிறவருக்குத் தாளம் கை தப்பாமல் இருக்க வேண்டுமே, அதைப் போன்ற கஷ்டமான வேலை. மெதுவாகச் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் செய்து பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டு கணம் பந்தை வைத்திருக்க வேண்டுமென்றால் உடம்பைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ரிக்கெல்மே ஆறடி உயரம் உள்ளவர், பருத்த தொடைகள். எதிராளி நெருங்கினால் முதுகையும் இடுப்பையும் அவர் பக்கம் கொடுத்து, பந்தை எட்டாத காலில் வைத்துக்கொள்வார். பாதத்தின் அடிப்பகுதியால் பந்தை இழுப்பார், உருட்டுவார், நிறுத்துவார். பந்தைப் பிடுங்க வந்தவர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஃபவுல் செய்துதான் நிறுத்துவார். ஃப்ரீ கிக் கிடைக்கும். அதையும் இவரே அடிப்பார்.

2000ஆம் ஆண்டு மே 24 அன்று நடந்த ஒன்றைப் பார்த்தால் இது கண்முன் வரும். தென் அமெரிக்கக் கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான கோப்பா லிபெர்த்தடோரஸ் காலிறுதி. போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் மோதுகின்றன. புவனோஸ் அயர்ஸ் நகரத்தையே இரண்டாகப் பிரிக்கிற பகை அது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ரிக்கெல்மேவிடம் பந்து. பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறார் ரிவர் அணியின் கொலம்பிய டிஃபென்டர் மாரியோ யேபெஸ். போக வழியில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ரிக்கெல்மே முதுகைத் திருப்பிக் காட்டியபடியே பாதத்தின் அடியால் பந்தைப் பின்பக்கமாகத் தள்ளுகிறார். அது யேபெஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போகிறது. இவர் மறுபக்கமாகச் சுற்றிப் போய் அதே பந்தை எடுத்துக்கொள்கிறார். கண்ணால் பார்க்காமலே கால் விரிந்திருப்பது எப்படித் தெரிந்தது? முதுகில் படும் அழுத்தத்தை வைத்துத்தான் கணித்திருக்க வேண்டும். அதிலிருந்து கோல் எதுவும் விழவில்லை. அன்று போகா 3-0 என்று ஜெயித்தது. ஆனால் இருபத்தைந்து வருடம் கழித்தும் அர்ஜென்டினாவில் பேசுவது கோல்களைப் பற்றி அல்ல, யேபெஸின் கால்களுக்கு நடுவே போன அந்தப் பந்தைப் பற்றித்தான்.

இந்த வித்தையெல்லாம் அகாடமியில் கற்றுக்கொடுக்கிற விஷயம் இல்லை. ரிக்கெல்மே பிறந்தது 1978 ஜூன் 24. புவனோஸ் அயர்ஸின் வடக்கே டோன் தோர்குவாத்தோ என்ற புறநகரில், வசதியில்லாத வீட்டில், பதினொரு பிள்ளைகளில் மூத்தவராக வளர்ந்தார். அந்தப் பகுதிகளில் காலி மனைகளில் ஆடுகிற ஆட்டத்துக்கு ‘பொத்ரேரோ’ என்று பெயர். மேடும் பள்ளமுமான தரை. பெரிய பையன்கள் இடித்துத் தள்ளுவார்கள், நடுவர் கிடையாது. பந்தைத் தொலைத்தால் மறுபடி கிடைக்க வெகுநேரம் ஆகும். அங்கே வளர்ந்தவர்களுக்கு முதலில் வருவது பந்தைக் காப்பாற்றும் கலைதான். அர்ஜென்டினாவில் எங்கான்ச்சேக்கள் வரிசையாக வந்ததற்கு அந்த மண்ணும் ஒரு காரணம். இந்தப் பரம்பரையில் ரிக்கெல்மேவுக்கு முன்னால் இன்டிபென்டியன்டே கிளப்புக்கு மட்டுமே வாழ்நாள் முழுக்க ஆடிய ரிக்கார்டோ போச்சினி இருந்தார். மரடோனாவே சிறுவயதில் அவரைப் பார்த்து வியந்தவர்.

ரிக்கெல்மே முதலில் சேர்ந்தது அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸின் சிறுவர் அணியில். மரடோனா வளர்ந்ததும் அதே கிளப்தான். 1996இல் போகா அவரையும் இன்னும் சில இளைஞர்களையும் சேர்த்து வாங்கியது. அந்த வருடம் நவம்பர் 10 அன்று, 18 வயதில், போகாவின் முதல் அணியில் இறங்கினார். அடுத்த ஆண்டு மலேசியாவில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. ஷா ஆலம் மைதானத்தில் நடந்த இறுதியில் அர்ஜென்டினா உருகுவேயை 2-1 என வென்றது. அணியில் இவரும் பாப்லோ அய்மாரும் எஸ்தெபான் கம்பியாசோவும் இருந்தார்கள். கோச் ஹோசே பெக்கர்மேன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அதே 1997, அக்டோபர் 25. ரிவர் மைதானத்தில் போகா ஆடுகிறது. முதல் பாதி முடிந்ததும் போகாவின் 10ஆம் எண் வெளியே வருகிறார். அவர் டியாகோ மரடோனா. உள்ளே போகிறவர் 19 வயது ரிக்கெல்மே. மரடோனா அதற்கப்புறம் ஒரு தொழில்முறை ஆட்டத்திலும் ஆடவில்லை. இப்படி ஒரு கைமாற்றத்தை யாராவது திட்டமிட்டு நடத்தினால்கூட நம்பமாட்டோம்.

1998இல் கார்லோஸ் பியான்கி போகாவின் கோச்சாக வந்தார். எங்கான்ச்சேவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அவர் கட்டிய அணிதான் பாடப்புத்தகம். ரிக்கெல்மேவுக்குப் பின்னால் மூன்று உழைப்பாளிகளை நிறுத்தினார். நடுவில் கொலம்பியாவின் மவுரிசியோ செர்னா. பந்தைப் பிடுங்குவதே அவர் வேலை. பக்கங்களில் செபாஸ்டியன் பத்தாக்லியா போன்ற ஓயாமல் ஓடுகிறவர்கள். முன்னால் உயரமான மார்ட்டின் பலேர்மோ, அவருக்குப் பக்கத்தில் வேகமான ஒருவர். ரிக்கெல்மே ஓடாத தூரத்தை மற்றவர்கள் ஓடினார்கள். பதிலுக்கு அவர் பந்தைத் தொலைக்கமாட்டார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. எங்கான்ச்சே ஒற்றை ஆளின் திறமை இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கிற சலுகை. அந்தச் சலுகைக்கு வட்டி போட்டுத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்தான் அங்கே நிற்கலாம்.

வட்டி நிறையவே வந்தது. உள்நாட்டு லீகில் போகா 40 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. 2000, 2001 இரண்டு வருடமும் லிபெர்த்தடோரஸ் கோப்பை. நடுவில், 2000 நவம்பர் 28 அன்று, டோக்கியோவில் ஐரோப்பாவின் சாம்பியன் ரியல் மாட்ரிட்டோடு இன்டர்கான்டினென்டல் கோப்பைக்கான ஆட்டம். ஃபிகோ, ராவுல், ராபர்ட்டோ கார்லோஸ் எல்லோரும் எதிரில். ஆறு நிமிடத்துக்குள் பலேர்மோ இரண்டு கோல் போட்டுவிட்டார். இரண்டாவது கோலுக்கு ரிக்கெல்மே தன்னுடைய பாதி மைதானத்திலிருந்தே ஒரு நீளமான பாஸ் அனுப்பினார். பந்து டிஃபென்டர்களைத் தாண்டிப் போய் பலேர்மோ ஓடும் தடத்தில் இறங்கியது. முடிவு 2-1. அந்த ஆட்டத்தின் மீதி நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தொலைக்காமல் இருக்க வேண்டும். போகா வீரர்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி, பந்தை ரிக்கெல்மேவிடம் கொடுத்துவிடுவது. மக்கெலேலே போன்ற தடுப்புக் கில்லாடிகள் சுற்றி நின்றும் அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை. 2001இல் தென் அமெரிக்காவின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

அவருடைய செல்வாக்கு வெறும் ஆட்டத்தால் வந்ததல்ல என்பதற்கு ஒரு சாட்சி, 2001 ஏப்ரல். ரிவருக்கு எதிராகப் பெனால்டி அடித்தார். கோல்கீப்பர் தடுத்து, திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினார். பிறகு நேராக நிர்வாகிகள் உட்காரும் மாடத்தின் எதிரே போய், இரண்டு காதுகளுக்கும் பின்னால் கைகளை வைத்து விரித்தபடி அசையாமல் நின்றார். கிளப்பின் தலைவர் அப்போது மவுரிசியோ மாக்ரி. பிற்பாடு 2015இல் நாட்டுக்கே அதிபரானவர். சம்பள ஒப்பந்தம் பற்றி இருவருக்கும் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால் ரிக்கெல்மே, என் மகளுக்கு டோப்போ ஜீஜியோ பிடிக்கும், அதற்காகச் செய்தேன் என்றார். டோப்போ ஜீஜியோ பெரிய காதுள்ள ஓர் இத்தாலிய பொம்மை எலி. ஊருக்கெல்லாம் புரிந்தது வேறு. ஏழைப் பேட்டையிலிருந்து வந்த பையன், பணக்காரத் தலைவரின் முகத்துக்கு நேரே நின்று ‘காது கேட்கிறதா?’ என்று கேட்டதாகத்தான் அரங்கம் எடுத்துக்கொண்டது. போகா தொடங்கியதே 1905இல், துறைமுகத்தை ஒட்டிய பேட்டையில் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளால். அந்தக் கிளப்பின் ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2002இல் அவருடைய தம்பி கடத்தப்பட்டார். பணம் கொடுத்து மீட்ட பிறகு, அந்த வருடமே ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே கோச் லூயி வான் கால். அவருடைய அமைப்பில் எங்கான்ச்சே என்ற இடமே கிடையாது. ரிக்கெல்மேவைக் கோட்டை ஒட்டி விங்கில் நிறுத்தினார். கொக்கியைக் கழற்றி ஜன்னலில் மாட்டினால் ரயில் எப்படி ஓடும்? விங்கில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு. சுற்றிலும் பார்த்துப் பாஸ் கொடுக்கிறவருக்குப் பாதி உலகம் அடைபட்டுவிடும். அந்த சீசனில் பெஞ்சில் உட்கார்ந்த நாட்களே நிறைய. 2003இல் ரொனால்டினோ வந்து சேர்ந்ததும் இவர் வில்லாரியல் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பப்பட்டார்.

வில்லாரியல், கிழக்கு ஸ்பெயினில் சுமார் 50,000 பேர் மட்டுமே வாழும் ஊர். டைல்ஸ் தொழிலும் ஆரஞ்சுத் தோட்டங்களும் உள்ள இடம். கோச் மனுவல் பெல்லெக்ரினி, சிலிக்காரர். ஆட்டம் முழுவதையும் ரிக்கெல்மேவைச் சுற்றிக் கட்டினார். 2004-05இல் அந்தச் சின்ன ஊர் ஸ்பானிஷ் லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. முன்னால் ஆடிய டியாகோ ஃபோர்லான் 25 கோல்களோடு லீகின் அதிக கோல் அடித்தவர் ஆனார். அடுத்த வருடம் ஐரோப்பியக் கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட் இருந்த குழுவில் முதலிடம். காலிறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றியது. அரையிறுதியில் ஆர்சனல்.

லண்டனில் 1-0 தோல்வி. 2006 ஏப்ரல் 25 அன்று சொந்த மைதானமான எல் மாத்ரிகாலில் இரண்டாவது ஆட்டம். கோல் விழாமலே கடைசி நிமிடங்கள் வந்துவிட்டன. அப்போது பெனால்டி கிடைத்தது. உள்ளே போனால் கூடுதல் நேரம். பந்தைப் புள்ளியில் வைத்தது ரிக்கெல்மே. வேறு யாரும் அடிப்பதைப் பற்றி அந்த ஊரில் ஒருவரும் யோசித்திருக்கமாட்டார்கள். ஓடி வந்து அடித்தார். ஆர்சனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமான் சரியான பக்கம் பாய்ந்து தடுத்துவிட்டார். ஊரே அடங்கிப்போனது. ஆர்சனல் இறுதிக்குப் போய்த் தோற்றது பார்சிலோனாவிடம், இவரை வேண்டாம் என்று அனுப்பிய அதே அணியிடம். அந்தப் பெனால்டியை வைத்து அவரை எடைபோடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் இல்லையென்றால் அந்த ஊர் அந்தப் புள்ளிவரைக்கும் வந்திருக்கவே முடியாது.

இரண்டு மாதத்தில் உலகக் கோப்பை. கோச் யார்? ஷா ஆலம் பெக்கர்மேன். அணியை மறுபடியும் எங்கான்ச்சேவைச் சுற்றியே அமைத்தார். ஜூன் 16 அன்று செர்பியா-மாண்டினீக்ரோவுக்கு எதிரான ஆட்டத்தின் 31ஆவது நிமிட கோலை, கால்பந்து புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் போட்டுக்காட்டுவேன். இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள். இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால், மறுபடி முன்னால். பந்து அடிக்கடி ரிக்கெல்மேவின் காலுக்கு வரும், வந்த வேகத்திலேயே சிலசமயம் போகும், சிலசமயம் கொஞ்சம் தங்கும். எதிரணி மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்படும். கடைசியில் கம்பியாசோ கிரெஸ்போவிடம் தள்ள, அவர் குதிகாலால் திருப்பிக் கொடுக்க, கம்பியாசோ அடிக்க, கோல். முதல்முறை பார்க்கும்போது கம்பியாசோவைப் பாருங்கள். இரண்டாம் முறை ரிக்கெல்மேவை மட்டும் பாருங்கள். எங்கான்ச்சே பற்றி நான் இங்கே இத்தனை வார்த்தையில் சொன்னது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆட்டம் 6-0 என முடிந்தது. மாற்று வீரராக வந்து ஆறாவது கோலை அடித்த 18 வயதுப் பையன் லயோனல் மெஸ்ஸி.

ஜூன் 30, பெர்லின், ஜெர்மனியோடு காலிறுதி. ரிக்கெல்மே அடித்த கார்னரை அயாலா தலையால் முட்டி முதல் கோல் போட்டார். 72ஆவது நிமிடத்தில், 1-0 முன்னிலையில் இருக்கும்போது, பெக்கர்மேன் ரிக்கெல்மேவை வெளியே எடுத்துவிட்டு கம்பியாசோவை இறக்கினார். இங்கே இரவு பத்து மணி தாண்டியிருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் என்று புரியவே இல்லை. தடுப்பைப் பலப்படுத்தினால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் டோக்கியோவில் பியான்கி செய்தது நேர்மாறு: முன்னிலையைக் காக்க வேண்டுமானால் பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவரை உள்ளேயே விட வேண்டும். 80ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் குளோஸ் சமன் செய்தார். பெனால்டி ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினா தோற்றது. தடுத்தது மறுபடியும் லேமான், ஜெர்மனியின் கோல்கீப்பரும் அவர்தான்; தவறவிட்ட இருவரில் ஒருவர் கம்பியாசோ.

நாட்டில் பழி ரிக்கெல்மேமேல் விழுந்தது. மெதுவானவர், உணர்ச்சியில்லாதவர் என்றார்கள். இந்தப் பேச்சுகளால் தன் அம்மாவின் உடல்நலம் கெடுகிறது என்று சொல்லி தேசிய அணியிலிருந்து விலகினார். பிறகு திரும்பி வந்து, தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோப்பா அமெரிக்காவில் 2007இல் ஐந்து கோல் அடித்தார், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டனாக இருந்தார். 2008 கடைசியில் தேசிய கோச்சாக வந்த மரடோனாவோடு ஒத்துப்போகாமல் 2009இல் ஒரேயடியாக விலகிவிட்டார். 51 ஆட்டம், 17 கோல். அந்தத் திறமைக்கு இது குறைவுதான்.

ஆனால் போகாவில் கணக்கு வேறு. வில்லாரியலில் பெல்லெக்ரினியோடு மனக்கசப்பு வந்து, 2007 தொடக்கத்தில் லோனில் வீடு திரும்பினார். அந்த வருட லிபெர்த்தடோரஸை ஏறக்குறைய அவரே தூக்கிக்கொண்டு போனார். பிரேசிலின் கிரேமியோவுக்கு எதிரான இறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது, மொத்தம் 5-0. அதில் மூன்று கோல் ரிக்கெல்மேவுடையது. இரண்டு எதிராளியின் ஊரான போர்ட்டோ அலெக்ரேயில். அதற்கப்புறம் நிரந்தரமாகவே போகாவுக்கு வந்தார். 2011இல் கிளப் அவருக்குச் சிலை வைத்தது, அவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே. 2014இல் போகாவை விட்டுத் தான் தொடங்கிய அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்குப் போனார். அந்த அணி இரண்டாம் பிரிவில் இருந்தது. முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு 2015 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

அவரோடு அந்த இடமும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டது. பயிற்சியும் உடல்தகுதியும் கூடக் கூட, பந்து பறிபோன கணத்திலிருந்தே எல்லோரும் பாய்ந்து நெருக்க வேண்டும் என்பது பொதுவிதியாகிவிட்டது. பத்துப் பேர் நெருக்க, ஒருவர் நின்றால், அந்த ஓட்டை வழியாக எதிரணி வெளியேறிவிடும். எங்கான்ச்சே நின்ற அந்த இடைவெளியை அடைக்க, எதிரணிகள் இரண்டு தடுப்பு மிட்ஃபீல்டர்களை அங்கேயே குடியேற்றின. அதனால் கோச்கள் பழைய 10ஆம் எண்ணின் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்: பாஸ் கொடுக்கத் தெரிந்தவரைப் பின்னால் இழுத்தார்கள், ட்ரிப்பிள் செய்பவரை விங்குக்குத் தள்ளினார்கள். இது முன்னேற்றம் என்று சொல்பவர்களுக்குப் புள்ளிவிவரம் துணை இருக்கிறது. எனக்கு இழப்பாகத்தான் படுகிறது.

அவருடைய செல்வாக்கு மட்டும் ஓயவில்லை. அர்ஜென்டினாவில் கிளப்புகள் உறுப்பினர்களுக்குச் சொந்தம். அவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019 டிசம்பரில் ரிக்கெல்மே போகாவின் துணைத் தலைவரானார். 2023 டிசம்பர் 17 அன்று தலைவர் பதவிக்கே நின்றார். எதிரணியில் துணைத் தலைவர் வேட்பாளர் யார் தெரியுமா? மாக்ரி. காது விரித்து நின்ற அந்த மாடத்தின் பழைய சொந்தக்காரர், முன்னாள் அதிபர். 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக ரிக்கெல்மேவுக்கே விழுந்தது. நிர்வாகியாக அவர்மேல் குறைகளும் உண்டு. 2023 லிபெர்த்தடோரஸ் இறுதியில் போகா ஃப்ளுமினென்சேவிடம் தோற்றது. அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. ஆட்டக்காரராக இருந்தபோது கிடைத்த நிபந்தனையற்ற அன்பு நாற்காலிக்குக் கிடைப்பதில்லை.

அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் நடந்தது 2023 ஜூன் 25. ஓய்வுபெற்று எட்டு வருடம் கழித்து. போகாவின் மைதானமான லா பொம்பொனேரா நிரம்பி வழிந்தது. மெஸ்ஸி வந்து ஆடினார். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றே, ஜூன் 24. அதற்கு ஆறு மாதம் முன்னால், கத்தார் உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில், மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்துவிட்டு நெதர்லாந்து பெஞ்சின் எதிரே போய் இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் வைத்து நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெஞ்சின் கோச் லூயி வான் கால். எதிராளியிடம் பந்து இருக்கும்போது மெஸ்ஸி அதிகம் ஈடுபடுவதில்லை என்று ஆட்டத்துக்கு முன்பு அவர் பேசியிருந்தார். இருபது வருடம் முன்னால் ரிக்கெல்மேமேல் வைக்கப்பட்ட குறையும் அதுதான். அர்ஜென்டினாவில் அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வந்தது, ரோமான்.

2023 ஜூலையில் போகா ஒரு புதிய வீரருக்கு 10ஆம் எண் சட்டையைக் கொடுத்தது. பெயர் எடின்சன் கவானி, உருகுவேக்காரர். அவர் ஸ்ட்ரைக்கர்.